மந்திரி கண்ட முகம்

பொய் சொல்லத் தெரியாதவன் சொல்வதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புவது, நீச்சல் தெரியாதவன் இறங்கிய இடத்தில் ஆழம் இராது என்று நம்புவதைப் போன்றது. நல்லாற்றூர் மாவட்ட நீதிமன்றம் இந்தப் பாடத்தை ஒரு நாயிடம் கற்றுக்கொண்டது. அந்த நாயின் பெயர் மந்திரி.

மந்திரிக்கு வயது ஆறு. செம்பழுப்பு நிறம். பழைய சண்டையொன்றில் அடிபட்ட இடக்காது எப்போதும் மடிந்தே கிடக்கும். நாயானாலும் அது அரசுச் சாட்சி. அதற்கென்று புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை உண்டு. அட்டையில் 'தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாத எழுத்தர், 'காவல்' என்று எழுதிவிட்டார். அதனால் நீதிமன்ற வாசலில் நிற்கும் காவலர்கள் அதற்கு விளையாட்டாகச் சல்யூட் அடிப்பார்கள். மந்திரியும் அதை உரிய மரியாதையாகவே ஏற்றுக்கொள்ளும்.

அது தங்கியிருந்தது அங்கயற்கண்ணியின் வீட்டில். நாற்பத்தேழு வயதான அங்கயற்கண்ணி, நீதிமன்றத்தின் நினைவுக் கண்ணாடியை இயக்குபவள். மனிதச் சாட்சி பயப்படுகிறான், மறக்கிறான், சோறு போட்டவன் பக்கம் சாய்கிறான். ஆடும் மாடும் நாயும் பூனையும் அப்படியல்ல என்று கருதிய அறிஞர்கள், விலங்கின் மூளையில் பதிந்த நினைவைத் திரையில் படமாகக் காட்டும் கருவியொன்றைச் செய்தார்கள். விலங்கின் தலையில் மென்மையான ஒரு தொப்பியை மாட்டினால் போதும். அது கண்டது நமக்கும் தெரியும். வாயில்லாச் சாட்சிகள் சட்டம் வந்தது. நெடுங்காலமாகத் துருவேறிக் கிடந்த தூக்குமேடை மறுபடியும் எண்ணெய் கண்டது. இனித் தவறே நேராது என்னும்போது தயங்குவானேன் என்று நாடு நினைத்தது.

"நான் கண்ணாடியைத் துடைக்கிறவ. அதுல தெரியற முகத்துக்கு நான் பொறுப்பில்ல" என்பாள் அங்கயற்கண்ணி. நான்கு வழக்குகளில் அப்படிச் சொல்லியிருந்தாள். முதல் வழக்கின் சாட்சி ஒரு பசுமாடு. அதில் தண்டனையும் நிறைவேறிவிட்டது. நான்காவது வழக்கின் சாட்சிதான் மந்திரி.

மந்திரியின் எசமானர் குழந்தைவேலு, மர வியாபாரம் செய்து ஓய்ந்தவர், தனிக்கட்டை. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, தம் மரக்கிடங்கில் தலையில் அடிபட்டு இறந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு தேக்குக் கட்டை, கூடவே மந்திரி. தொப்பியை மாட்டியதும் திரையில் எல்லாம் தெரிந்தன. வாசற்கதவு திறக்கிறது. முத்துச்சிப்பிப் பொத்தான் வைத்த சந்தன நிறச் சட்டையில் ஒருவன் வருகிறான். தரையில் விழும் மந்திரியின் நிழல் வாலை ஆட்டுகிறது. பிறகு ஏனோ உரோமம் சிலிர்த்து உறுமுகிறது. ஓசையில்லாத வாக்குவாதம். ஓங்கிய கை. அந்த முகம், ஊர் அறிந்த சவரிமுத்துவின் முகம்.

சவரிமுத்து கல்யாணங்களிலும் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்பவன். கொலைக்கு மூன்று மாதம் முன்பு ஒரு கல்யாண மேடையில், சத்தம் அதிகம் என்று எழுந்து வந்து கடிந்துகொண்ட குழந்தைவேலுவைப் பார்த்து, "பெரியவர் வாயை இன்னிக்கு நான் அடைக்கிறேனா இல்லையா, எல்லாரும் பாருங்க!" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லியிருந்தான். சொன்னதோடு பந்தியில் அவர் வாயில் ஒரு லட்டைத் திணிக்கவும் செய்தான். லட்டைக் கண்டவர்கள் பத்துப் பேர். வசனத்தைக் கேட்டவர்கள் எழுநூறு பேர். வழக்கில் எழுநூறே வென்றது.

தூக்குக்கு நாள் குறித்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை. தண்டனை நிறைவேறும்வரை சாட்சியைப் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. அதன்பின் மந்திரிக்கும் அரசு உத்தியோகம் முடிந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கண்ணாடியைச் சரிபார்க்கும் வாராந்தர வேலைக்காக அங்கயற்கண்ணி வீட்டுக் கூடத்தில் திரையை விரித்து, மந்திரியின் தலையில் தொப்பியை மாட்டியிருந்தாள். மார்கழிக் குளிர். மாடி வீட்டில் குடியிருக்கும் சுலைகா, அங்கயற்கண்ணியிடம் வாங்கிப்போன சால்வையைப் போர்த்தியபடியே கறிவேப்பிலை கேட்டு இறங்கி வந்தாள். சுலைகா வழக்கறிஞர், சவரிமுத்துவுக்காக வாதாடித் தோற்றவள். அந்தத் தோல்விக்குப்பின் இருவரும் வழக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொள்வார்கள்.

கதவு திறந்ததும் மந்திரி துள்ளியெழுந்து வாலைச் சுழற்றியது. அங்கயற்கண்ணி திரையைப் பார்த்தாள். திரையில், கையில் காலிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருந்தது அங்கயற்கண்ணி.

"சுலைகா, அப்படியே நில்லு."

"ஏங்க்கா? பல்லி ஏதும் விழுந்திருச்சா?"

"நான் எங்க இருக்கேன்?"

"இதென்ன கேள்வி? நாற்காலியில இருக்கீங்க."

"அங்க பாரு."

சுலைகா பார்த்தாள். திரையிலிருந்த அங்கயற்கண்ணியும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"யக்கோவ்! நான் நீங்களாயிட்டேன்!"

"சால்வையைக் கழட்டு."

சால்வை கழன்றதும் திரையில் முகம் கலங்கியது. தெளிந்தபோது சுலைகா இருந்தாள். மறுபடி போர்த்தினால் அங்கயற்கண்ணி. இருவரும் சிறுமிகளைப் போல ஐந்தாறு முறை செய்து பார்த்தார்கள். பிறகு சுலைகாவுக்கு ஒரு குறும்பு தோன்றிற்று. மூலையில் சாத்தியிருந்த ஒட்டடைக் கம்பின்மேல் சால்வையை மாட்டி, மந்திரியின் முன்னால் ஆட்டினாள். திரையில் மிக மெலிந்த அங்கயற்கண்ணியொருத்தி நின்று ஆடினாள்.

"கல்யாணத்தப்பகூட நான் இவ்வளவு ஒல்லியா இருந்ததில்ல" என்று சிரித்தாள் அங்கயற்கண்ணி. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. சந்தன நிறச் சட்டை, சிப்பிப் பொத்தான். அவள் கை தானாகவே தொலைபேசியைத் தேடியது.

கண்ணாடியை வடிவமைத்தவர்களுள் ஒருவனான ரிஸ்வான் தூக்கக் கலக்கத்தோடு பேசினான். "மேடம், நாய்க்கு உலகம் மூக்குலதான் இருக்கு. அது ஒரு ஆளை வாசனையாத்தான் ஞாபகம் வெச்சிருக்கும். வாசனையைத் திரையில காட்ட முடியாதில்ல? அதனால, அந்த வாசனைக்கு யாரோட முகம் அதுக்குப் பழக்கமோ, அதை எடுத்து ஒட்டிருவோம்."

"ரெண்டு வாசனை சேர்ந்து வந்தா?"

"எது தூக்கலோ அந்த முகம்."

"இன்னொரு வாசனை அதுக்குப் பழக்கமே இல்லாததா இருந்தா?"

"பழக்கமில்லாததுக்கு முகம் ஏது? அதை விட்டுரும்." அவன் தூக்கம் முற்றிலும் கலைந்துவிட்டது தெரிந்தது. "ஏன் மேடம் கேக்கறீங்க?"

"ஒட்டிருவோம்னு சொன்னியே தம்பி, அதைக் கையேட்டுல எங்கயாவது எழுதியிருக்கீங்களா?"

"யாரும் கேக்கல மேடம்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு மந்திரியின் தலையைத் தடவினாள். கிடங்கில் அது முதலில் வாலை ஆட்டியது; பிறகு உறுமியது. அன்று இந்த நாய் இரண்டு வாசனைகளை முகர்ந்திருக்கிறது. ஒன்று தெரிந்தது, மற்றது தெரியாதது. தெரிந்ததற்கு வால், தெரியாததற்கு உறுமல். நாய் ஏமாறவில்லை, உள்ளதை உள்ளபடியே சொல்லியிருக்கிறது. உறுமலுக்குப் பொருள் கேட்காமல் போனது அவள்.

"சுலைகா, நாளைக்குச் சவரிமுத்துவைப் பாக்க முடியுமா?"

"வழக்கைப் பத்திப் பேசக்கூடாதுன்னு ஒப்பந்தமாச்சேக்கா?"

"கிண்ணத்தை வெச்சிட்டு வா. ஒப்பந்தம் முடிஞ்சுது."

திங்கட்கிழமை பகலில் சிறைக்குள் நுழையும்போதே அந்தக் குரல் கேட்டது. வெறும் தண்ணீர்ப் போத்தலை வாயருகே பிடித்தபடி, கம்பிக்குப் பின்னால் நின்று சவரிமுத்து முழங்கிக்கொண்டிருந்தான்: "அன்பார்ந்த கைதிப் பெருமக்களே! இன்றைய மதிய உணவு முருங்கைக்காய்ச் சாம்பார். முருங்கைக்காயைக் கண்டெடுத்தவர்கள் உடனடியாக அலுவலகத்தில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்!" வரிசை முழுதும் சிரித்தது. சாம்பார் வாளியோடு போன காவலரும் சிரித்தார்.

அங்கயற்கண்ணியைக் கண்டதும் அவன் போத்தலைக் கீழே வைத்துக் கைகூப்பினான். "வாங்கம்மா. மந்திரி நல்லாருக்கானா? பன்னுக்குள்ள சீனி வெச்சுக் குடுங்க, அப்பதான் சாப்புடுவான்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சுலைகாதான் கேட்டாள். "அந்தச் செவ்வாக்கெழமை உங்க சட்டை எங்க இருந்துச்சு?"

"சலவைக்குப் போட்டிருந்தேன்னு அப்பவே சொன்னேனே. அதுக்கு அவங்க, 'சட்டை சலவையில சரி, திரையில தெரியற தலை யாருது?'ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. சலவைக்கடை ஏகாம்பரம் அண்ணனும் திங்கக்கிழமையே குடுத்துட்டேன்னு சொல்லிட்டாரு."

"அவர் உண்மையிலயே திங்கக்கிழமை குடுத்தாரா?"

சவரிமுத்து தயங்கினான். "புதன்கிழமைதாம்மா வந்துச்சு. அவரு மறந்திருப்பாரு."

"அவர் துணியை யாருக்காவது இரவல் குடுக்கறதுண்டா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். ஊருக்கே அறிவிப்புச் செய்பவன் இரகசியம் பேசுவது அதுவே முதல்முறையாக இருக்கும். "அதை வெளிய சொல்லக்கூடாதும்மா. நல்லது கெட்டதுக்கு ஒரு நல்ல துணி இல்லாதவங்க, வெத்தலை பாக்கு வெச்சுக் கேட்டா அவரு இல்லேம்பாரா? மாத்துத் துணின்னு பேரு. அவங்க பாட்டன் காலத்துலேர்ந்து உண்டு. என் கல்யாணத்துல நான் கட்டின பட்டு வேட்டியே யாரோ ஒரு டாக்டரோடது. சொன்னா ஊர்ல நூறு பேர் மானம் போயிரும்."

"அப்போ உங்க சட்டையையும் யாருக்காவது குடுத்திருக்கலாம். இதை ஏன் நீங்க கோர்ட்ல சொல்லல?"

"சட்டையை யாராவது போட்டிருக்கலாம்மா. என் மூஞ்சியை யாரு போட முடியும்?" என்றான். முதன்முறையாக அவன் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. "திரையில என் மூஞ்சியை நானே பாத்தேன். அப்புறம் எனக்கே என் மேல சந்தேகம் வந்திருச்சு. தூக்கத்துல எழுந்து போய்ச் செஞ்சுட்டமோன்னு. ஒம்பது மாசமா தினமும் படுக்கப்போறப்ப என் கையைப் பாத்துக்கறேன்."

அங்கயற்கண்ணி கம்பிக்குள் கைநீட்டி அந்தக் கையைத் தொட்டாள். "உங்க கையில ஒண்ணுமில்ல. என் கண்ணாடியிலதான் கோளாறு."

வாயில்லாச் சாட்சிகள் சட்டத்தில் ஒரு சிறிய பிரிவு உண்டு. கருவியில் பழுது இருக்கிறதென்று இயக்குபவரே எழுதிக் கொடுத்தால், தண்டனைக்கு முன் ஒரே ஒருமுறை மறுவிசாரணை செய்யலாம். அதுவரை எவரும் அப்படி எழுதியதில்லை. எழுதுவதென்றால், தூக்குக்கயிற்றின் ஒரு நுனி என் கையில் இருந்தது என்று ஒப்புக்கொள்வதாகும். அங்கயற்கண்ணி அன்றே எழுதினாள். புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு விசாரணை என்று உத்தரவாயிற்று.

செவ்வாய்க்கிழமை இருவரும் வெண்மதி சலவையகத்துக்குப் போனார்கள். ஏகாம்பரம் அறுபது வயதிலும் நிமிர்ந்து நிற்பவர். சலவை இயந்திரமும் மின் இஸ்திரிப்பெட்டியும் வைத்திருந்தாலும், மேலான துணிகளுக்குக் கரிப்பெட்டிதான் என்பதில் உறுதியுள்ளவர். துணியைத் தொட்டே உரியவர் பெயரைச் சொல்லிவிடுவார். அவர்களை அமரச்செய்து தேநீர் வரவழைத்தார். மாற்றுத் துணி என்றதும் அவர் முகம் மடித்துவைத்த துணிபோல ஆகிவிட்டது.

"அந்தப் பழக்கமெல்லாம் எங்ககிட்ட இல்லீங்கம்மா."

"ஏகாம்பரம் அண்ணே, வெள்ளிக்கிழமை ஒரு உசுரு போகப்போவுது" என்றாள் சுலைகா.

"தெரியுங்கம்மா. தெனமும் மாதா கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்தறேன். ஆனா நாளைக்கே இந்த ஊர்ல ஒருத்தரும் எனக்குத் துணி போடலேன்னா, என்னை நம்பியிருக்கிற ஏழு குடும்பம் என்ன பண்ணும்? நாய் மூஞ்சியைப் பாத்திருச்சுன்னு சர்க்காரே சொல்லுது. என் சட்டைக் கதை அதை மாத்திருமா?" காலித் தேநீர்க் குவளைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "கோர்ட்டுக்குக் கூப்புட்டா வர்றேன். இதையேதான் சொல்லுவேன்."

அவர் கெட்டவர் அல்லர். ஒரு பொய்யை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒன்பது மாதம் நடந்தவர். இறக்கிவைக்க இடம் தெரியாதவர். திரும்பும் வழியில் அங்கயற்கண்ணி இதைச் சொன்னபோது, "நாளைக்கு அவர் மறுத்துட்டா நம்மகிட்ட ஒட்டடைக் கம்புதாங்க்கா மிச்சம்" என்றாள் சுலைகா.

புதன்கிழமை. நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. சவரிமுத்து கூண்டில் நின்றான். மேடையில் நீதிபதி தணிகாசலம். தூய வெள்ளைச் சட்டை, கறுப்பு அங்கி, நிரந்தரச் சளி. அவர் பூசும் நீலகிரித் தைலத்தின் மணம், அவர் வருவதற்கு முன்பே வந்து, போனபின்பும் கொஞ்சநேரம் அமர்ந்திருக்கும். பழைய விசாரணையின்போது மூன்று நாளும் மந்திரிக்கு அவர் தம் மேசை இழுப்பறையிலிருந்து பிஸ்கட் கொடுத்திருந்தார். சாட்சிக்குத் தின்பண்டம் கொடுக்கலாமா என்று அரசு வழக்கறிஞர் கேட்டதற்கு, "இந்தச் சாட்சியை வாங்க முடியாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று பதில் சொன்னவர்.

மந்திரி தொப்பியணிந்து சாட்சிக்கூண்டின் பக்கத்தில் அமர்ந்தது. பெரிய திரை எதிர்ச் சுவரில். சுலைகா சால்வையையும் கம்பையும் கொண்டுவந்து, வீட்டில் செய்ததையே செய்து காட்டினாள். கூட்டம் சிரித்தது. அரசு வழக்கறிஞர் எழுந்தார்.

"மதிப்பிற்குரிய நீதிபதி அவர்களே, மாதக்கணக்கில் ஒருவரோடு வாழ்ந்த நாய், அவருடைய சால்வையைக் கண்டதும் அவரை நினைத்துக்கொள்கிறது. நினைவு வேறு, ஏக்கம் வேறு. கம்பு நடந்து வந்து கொலை செய்யவில்லை. ஒரு மனிதனின் முகம் இன்னொரு மனிதன்மேல் தோன்றும் என்பதற்கு இங்கே என்ன சான்று? அந்தச் சட்டையை வேறொருவர் அணிந்தார் என்பதற்குத்தான் என்ன சான்று?"

"சலவைக்கடை ஏகாம்பரத்தை அழைக்க வேண்டுகிறேன்" என்றாள் சுலைகா. குரலில் நம்பிக்கை இல்லை.

சேவகர் மூன்று முறை கூப்பிட்டார். கதவு திறந்தது.

மந்திரி துள்ளி எழுந்தது. வால் சுழன்றது. பிஸ்கட் கிடைக்கும் என்ற முழு நம்பிக்கையோடு அது வாசலை நோக்கி இரண்டு முறை குரைத்தது. பிறகு எதையோ முகர்ந்து சற்றே உறுமியது. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். நீதிமன்ற வாசலில், வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, செருப்பைக் கழற்றிவிட்டுப் பணிவோடு கைகூப்பியபடி உள்ளே வந்துகொண்டிருந்தார் நீதிபதி தணிகாசலம்.

மேடையில் இருந்த நீதிபதி தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

ஓர் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். ஆனால் விழுந்தது அரசு வழக்கறிஞரின் பேனா.

ஏகாம்பரத்துக்குத் திரை முதுகுப்பக்கம். எல்லாரும் ஏன் தம்மையே பார்க்கிறார்கள் என்று தெரியாமல் சாட்சிக்கூண்டில் ஏறி நின்றார். நீதிபதி அவரை உச்சிமுதல் பாதம்வரை பார்த்தார். பார்வை வலது கை மணிக்கட்டில் நின்றது.

"ஏகாம்பரம், அந்தக் கைமடிப்பைக் கொஞ்சம் காட்டுங்க."

காட்டினார். அங்கே ஒரு சிறு கிழிசல் நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது.

"வெள்ளைச் சட்டைக்கு நீல நூல் போட்டுத் தைக்கிறவங்க இந்த மாவட்டத்துலயே ஒருத்தர்தான். அவங்க எங்க வீட்டுல இருக்காங்க" என்றார் நீதிபதி. "அது என் சட்டையா?"

ஏகாம்பரம் குனிந்து தம்மையே பார்த்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கே அது உறைத்தது. நல்ல இடத்துக்குப் போகும்போது துணிக்கட்டிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வது அவருக்குக் கைப்பழக்கம். மூன்று தலைமுறைப் பழக்கம். கோர்ட்டுக்குப் போகிறோம், மரியாதையாகப் போகவேண்டும் என்று எண்ணிக் கை நீட்டியவருக்கு, கட்டிலேயே மரியாதையான சட்டை எதுவோ அது அகப்பட்டிருந்தது. மாற்றுத் துணிப் பழக்கமே தம்மிடம் இல்லை என்று சத்தியம் செய்ய, மாற்றுத் துணியில் வந்து நின்றார்.

"ஐயா..." என்றார். கண்ணில் நீர் முட்டியது.

"இது துவைச்சதா, துவைக்காததா?" என்று கேட்டாள் சுலைகா. இப்போது அவள் குரலில் நம்பிக்கை திரும்பியிருந்தது.

"துவைக்காததும்மா. துவைச்சுக் குடுத்தா, திரும்பி வந்ததும் மறுபடியும் துவைக்கணும். அதனால முதல்ல பெட்டி மட்டும் போட்டு மாத்துக்குக் குடுத்துருவோம். வந்தப்புறம் துவைச்சு உடையவங்ககிட்ட சேத்துருவோம். எங்க தொழில்ல அதுதான் வழக்கம்."

"அதாவது, உடையவரோட வியர்வையும் வாசனையும் அதுலயே இருக்கும்."

"இருக்குங்கம்மா. ஐயாவோட சட்டையில தைலம் மணக்குதே." அவர் கைகூப்பினார். "எல்லாத்தையும் சொல்லிடறேங்க. சவரிமுத்துவோட சட்டை அந்தச் செவ்வாக்கெழமை எங்கிட்டதான் இருந்துச்சு. பொண்ணு பாக்கப் போறேன், உடுத்த நல்ல சட்டை இல்லேன்னு வெத்தலை பாக்கு வெச்சு ஒருத்தர் கேட்டாரு. பெரியவர் குழந்தைவேலுவோட தங்கச்சி மகன், வெளியூர்க்காரரு. மறுநா காலையில கொண்டாந்து குடுத்தாரு. ஓரத்துல ரத்தக்கறை. மூக்குல ரத்தம் வந்துச்சுன்னாரு. நானும் நம்பினேன்... நம்பணும்னு ஆசைப்பட்டேன். அப்புறம் நாயே முகத்தைப் பாத்திருச்சுன்னதும், நம்ம மேல தப்பில்லேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

கூண்டில் நின்ற சவரிமுத்து தன் இரு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டான். அதை அங்கயற்கண்ணி மட்டுமே கவனித்தாள்.

நீதிபதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அரசு வழக்கறிஞரிடம் சொன்னார்: "இந்தக் கண்ணாடியின்படி, பத்து மணி ஐம்பது நிமிடத்துக்கு நான் அந்த வாசலில் நின்றேன். அங்கே ஒரு கொலை நடந்திருந்தால், வெள்ளிக்கிழமை என்னைத் தூக்கில் போட்டிருப்பீர்கள். தீர்ப்பை நானே எழுதியிருப்பேன். இந்த நாய்க்குத்தான் பொய் சொல்லத் தெரியாதே." அவர் குரல் தணிந்தது. "புலித்தோல் போர்த்த கழுதையைப் புலியென்று நம்பியவர்களைப் பார்த்துச் சின்ன வயதில் சிரித்தேன். சட்டையைப் போர்த்தவனைச் சவரிமுத்து என்று நம்பியதற்கு நான் எங்கே போய் அழ?"

தண்டனை அந்த நொடியே நிறுத்திவைக்கப்பட்டது. குழந்தைவேலுவின் தங்கை மகனைத் தேடிப் போனவர்கள் அதிகம் அலையவில்லை. இரண்டாவது குவளைத் தேநீருக்குள் அவன் எல்லாவற்றையும் சொன்னான். பெண் பார்க்கப் பெரியவராக உடன் வரும்படி மாமாவைக் கூப்பிடப் போனானாம். வெளுக்காத சட்டையின் வாசத்தை வைத்தே அவர் கண்டுபிடித்து, "இரவல் சட்டையில வர்ற மாப்பிள்ளைக்கு நான் பெரியவனா?" என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பு தாங்கவில்லையாம். மாமனின் மூக்கும் மந்திரியின் மூக்கும் ஒன்றையேதான் சொல்லியிருக்கின்றன.

அவனுக்குத் தணிகாசலம் ஆயுள் தண்டனை விதித்தார். ஏன் தூக்கில்லை என்று சிலர் கேட்டபோது, "போட்ட முடிச்சை அவிழ்க்க எனக்கு இரண்டு நாள் மிச்சமிருந்தது. அந்த இரண்டு நாள் என் திறமையால் கிடைத்ததில்லை; ஒரு சால்வையால் கிடைத்தது" என்றார். வாயில்லாச் சாட்சிகளின்பேரில் நின்ற மற்ற வழக்குகளையெல்லாம் மறுபடி திறக்கச் சொல்லி மேல் நீதிமன்றத்துக்கு எழுதினார். முதல் வழக்கின் கோப்பை அங்கயற்கண்ணியே எடுத்துவந்து அவர் மேசையில் வைத்தாள்.

"அந்த மனுஷன் போயிட்டாரேங்கய்யா. இப்ப இதைத் திறந்து அவருக்கு என்ன ஆகப்போவுது?" என்றார் பக்கத்தில் நின்ற எழுத்தர்.

"அவருக்கு ஒன்றும் ஆகாது. அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஆகும். நமக்கும் ஆகும்" என்று நீதிபதி கோப்பின் நாடாவை அவிழ்த்தார். பசுமாடும் மூக்கால்தான் உலகை அறிகிறது என்று அங்கயற்கண்ணி அந்த வாரம் முழுவதும் படித்துக்கொண்டிருந்தாள்.

சவரிமுத்து விடுதலையான நாள் தைப்பொங்கலுக்கு மறுநாள். சிறைவாசலில் அவனுக்கு மாலை போடக் காத்திருந்தவர்களில் முதல் ஆள் ஏகாம்பரம். கையில் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலம். உள்ளே கோர்ட்டிலிருந்து கேட்டு வாங்கிய சந்தன நிறச் சட்டை, ஒன்பது முறை வெளுத்தது; மாதத்துக்கு ஒன்று என்று அவரே கணக்கு வைத்துக்கொண்டார்போலும். அவர் காலில் விழப்போனார். சவரிமுத்து பிடித்து நிறுத்தினான்.

"அண்ணே, என் கல்யாண வேட்டியை மறந்துட்டனா? நாளைக்கும் எவனாவது வெத்தலை பாக்கோட வந்து நிப்பான். இல்லேன்னு சொல்லிராதீங்க. ஆனா ஒண்ணு, துவைச்சுக் குடுங்க!"

கூட்டம் சிரித்தது. ஏகாம்பரமும் அழுதுகொண்டே சிரித்தார். அந்த வாரம் நல்லாற்றூரில் சலவைத்துணி குறையவில்லை; பாதிப்பேர் அவரிடம் மாற்றுத் துணி வாங்கியவர்கள், மீதிப்பேர் வாங்கியவர்களின் உறவினர்கள் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

மாலையில் சவரிமுத்து அங்கயற்கண்ணியின் வீட்டுக்கு வந்தான். சீனி வைத்த பன் கையில். கருவியைத் திருப்பி அனுப்புமுன் கடைசிமுறையாகச் சரிபார்க்க, அவள் மந்திரிக்குத் தொப்பியை மாட்டியிருந்தாள். மந்திரி அவனை முகர்ந்தது. ஒன்பது முறை வெளுத்த சட்டை; ஒன்பது மாதச் சிறைப் பினாயில். அது ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒதுங்கி உட்கார்ந்தது. திரையில் முகமற்ற ஒரு மங்கல்.

"என்னடா, என்னைத் தெரியலையா?" சவரிமுத்துவின் முகம் வாடியது. பிறகு அவன் நிமிர்ந்து நின்று, கையைக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டான். "அன்பார்ந்த மந்திரி அவர்களே! தாங்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்!"

மடிந்து கிடந்த இடக்காதுகூட நிமிர்ந்தது. மந்திரி பாய்ந்து அவன் மார்பில் ஏறியது. சிரிப்பும் குரைப்புமாகக் கூடம் அதிர்ந்தது. அந்தச் சந்தடியில் சுலைகாதான் திரையைக் காட்டினாள்.

திரையில் மரக்கிடங்கின் வாசல். சாயங்கால வெயில். ஒரு தேக்குக் கட்டையின்மேல் குழந்தைவேலுவும் சவரிமுத்துவும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு உட்கார்ந்திருந்தார்கள். சவரிமுத்து ஏதோ அறிவிப்பை நடித்துக் காட்ட, கிழவர் கண்ணில் நீர்வரச் சிரித்தார். பன்னைப் பிய்த்து மூன்றாக்கினார்: தமக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று, பார்த்துக்கொண்டிருக்கும் மந்திரிக்கு ஒன்று. காட்சி மாறியது; இன்னொரு சாயங்காலம், வேறு சட்டை, அதே சிரிப்பு. மறுபடி மாறியது. இன்னொன்று. இன்னொன்று.

"தெனமும் வருவேன்மா" என்றான் சவரிமுத்து மெதுவாக. "சண்டையெல்லாம் மேடைக்குத்தான்."

அங்கயற்கண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். இவையெல்லாம் அந்தச் சிறிய தலைக்குள் விசாரணையின் மூன்று நாளும் இருந்திருக்கின்றன. தொப்பி இருந்தது, திரை இருந்தது, மாவட்டமே கூடியிருந்தது. அந்த ஒரு செவ்வாய்க்கிழமையைத் தவிர வேறு எந்த நாளைப் பற்றியும் அவளோ மற்றவர்களோ அதனிடம் கேட்கவில்லை.

அவள் தொப்பியைக் கழற்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுச் சவரிமுத்துவை உட்காரவைத்தாள். மந்திரிக்குப் பன்னைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, கருவி நாளைக்குப் போகட்டும் என்று எண்ணியபடி, தேநீர் போட உள்ளே போனாள்.